பக்கத்து மூச்சு

நீண்ட சுரம் ஒன்றைப் பாடும்போது அருகருகே நிற்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு இவர் வாங்க, அவர் பிடிக்க வேண்டும். கீழே வாங்குப் பலகைகளில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு எங்கும் அறுந்துபோகாத சத்தம் மட்டும் கேட்கும். மேலே நாங்கள் மாறி மாறித் திணறுவது தெரியாது. வயதானவர்கள் சேர்ந்து பாடுவதில் உள்ள பெரிய நிம்மதி இதுதான் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த நிம்மதியை வைத்துக்கொண்டே ஒரு மனிதருக்குத் தீங்கு செய்தேன். அதை எழுதிவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்து எழுதத்தான் அலுப்பாக இருந்தது.

மனைவி இறந்துபோன வருடம் கண்டியில் வழக்கத்தைவிட மழை அதிகம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறைகளில் பேசிப் பிழைத்தவன். ஒரு நாள் மாலை பாண் ரொட்டி வாங்கக் கடைக்குப் போய் வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பாணைத் தந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம்தான் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபையின் பாட்டு டீச்சர் என்னைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

“மாஸ்டர், பேஸ் பாட, அந்தத் தடிச்ச கீழ்க்குரலுக்கு, ஆளில்லை. சனிக்கிழமை வாங்கோ.”

“எனக்குப் பாடத் தெரியாதே டீச்சர்.”

“வகுப்பில கத்தினனீங்கள்தானே? அது காணும், போதும்.”

ஆலயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு மண்டபம். போவதற்குச் செங்குத்தான படிகள். மேலே நின்றால் மரங்களுக்கு இடையே குளத்தின் ஒரு மூலை தெரியும். சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் அந்தப் படிகளில் ஏறி வருவோம். இளையவர்கள் கொழும்பு, கனடா என்று போய்விட்டதால் குழுவில் இருந்தவர்கள் அனேகமாகப் பென்ஷன்காரர்கள். வரும்போது ஒவ்வொருவரும் தன் தன் நோயோடுதான் வருவார்கள். முழங்கால், சீனி, பிரஷர், மருமகள். முதல் பாட்டு முடிவதற்குள் அந்தப் பேச்சு நின்றுவிடும். கூன் விழுந்த முதுகுகள் தானாக நிமிரும். நிமிராமல் காற்று உள்ளே போகாது. சொந்த மகளின் பெயரையே தடுமாறித் தேடும் ஒரு அம்மா இருந்தார். ஞானப்பாட்டின் மூன்றாவது சரணம் அவருக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை. பாட்டு முடிந்ததும் ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்பதுபோல் சுற்றிலும் பார்ப்பார். எனக்கு ஒரு மாதத்தில் குரல் திரும்பியது. சனிக்கிழமை இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். மற்ற ஆறு நாட்களையும் சனிக்கிழமைக்காகவே கழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேஸ் வரிசையில் எனக்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலை ஃபெக்டரியை நடத்திய மனிதர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘டீமேக்கர் ஐயா’தான். கட்டையான உருவம், பெரிய நெஞ்சு. சின்ன வயதில் பள்ளி விடுதியில் பாடகர் குழுவில் இருந்தவர். சுரத்தைச் சரியாகப் போய்ப் பிடிப்பார். ஒவ்வொரு சனியும் பஸ் ஏறி மலையிறங்கி வருவார்.

எதிரே பெண்களின் ஆல்டோ வரிசையில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர். எங்கள் இருவரையும் விடமாட்டார்.

“டீச்சர், இவங்க ரெண்டு பேரும் பாடுறதக் கேட்டா லொறி மேட்டுல ஏறுற மாதிரியே இருக்கு.”

“லொறி ஏறி வந்தாத்தானே அம்மா தேத்தூள் எறங்கும்?” என்பார் டீமேக்கர். “அப்புறம் எதக் குடிச்சிட்டு நீங்க கீச்சுக் கீச்சுன்னு பாடுவீங்க?”

“நாங்க கீச்சுக் கீச்சா? டீச்சர், கேட்டுக்குங்க!”

“எல்லாருக்கும் வாய் இருக்கு, பாட்டுக்குத்தான் இல்லை. திரும்பவும் முதல்ல இருந்து,” என்பார் டீச்சர்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மூச்சு வாங்கப் போகிறவர் மற்றவரின் முழங்கையை ஒரு தரம் தொட வேண்டும். தொட்டதும் மற்றவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பிடித்துக்கொள்வார். டீச்சருக்குக்கூட அது தெரியாது. இன்னொன்று டீமேக்கருக்கும் தெரியாது, எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சுரம் பிடிபடாது. டீமேக்கர் பிடித்த சுரத்தைக் கேட்டு, கண்ணிமைக்கும் நேரம் கழித்து, அதன்மேல் ஏறிக்கொள்வேன். எனக்கு மூச்சு நிறைய இருந்தது, சத்தமும் இருந்தது. அதனால் சபையில் எல்லோரும் என்னைத்தான் பேஸின் தூண் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு வருடம் ஆகஸ்டில், தலதா மாளிகையின் பெரஹரா ஊர்வல நேரம். நகருக்குள் வீதிகளை மூடியிருந்தார்கள். டீமேக்கர் தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்து வந்தார். மண்டபப் படியின் பாதியில் நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை நான்தான் கண்டேன்.

“என்னங்க, புதுசா குளத்தப் பாக்கிறீங்க?”

“ஆனை போச்சா இல்லையான்னு பாக்கிறேன் மாஸ்டர்,” என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

அன்று பாடும்போது என் முழங்கையை அவர் தொட்டுக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் ஒரு நீண்ட வரியில் ஒரு தரம் தொடுவார். அன்று வரியின் நடுவிலும் தொட்டார், கடைசியிலும் தொட்டார். நான் சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த சனி பெரஹரா முடிந்திருந்தது, வீதிகள் திறந்திருந்தன, பஸ் நிலையத்துக்கே வந்தது. அன்றும் அப்படித்தான். அதற்கடுத்த சனியும்.

“ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தா என்ன?” என்று கேட்டேன்.

“ஃபெக்டரியில சலிக்கிற அறையில நின்னவன் மாஸ்டர் நான். தேத்தூசி நெஞ்சுல படிஞ்சிருக்கு. எல்லா டீமேக்கருக்கும் இருக்கிறதுதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க. தெரிஞ்சா சனிக்கிழமை பஸ் ஏற விடமாட்டா. இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு.”

சரி என்றேன். யோசிக்காமல், உடனே சொன்னேன். அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அது ஒன்றுதான் இருந்தது. அவர் நின்றுபோனால் பேஸ் வரிசையில் நான் தனியாக நிற்க வேண்டும். தூணின் லட்சணம் அன்றைக்கே தெரிந்துவிடும். நண்பர் கேட்டுக்கொண்டார், நான் மறைத்தேன் என்று பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிதான் உண்மை.

அதன்பின் வந்த மாதங்களில் நான் நன்றாக வேலை செய்தேன். அவர் தொடுவதற்கு முன்பே அவர் விலா அசைவதை உணர்ந்து சத்தத்தைக் கூட்டப் பழகிக்கொண்டேன். அவர் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் பாடித் தருவார். மீதியை நான் இழுத்துக்கொண்டு போவேன். இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆள். “இந்த வருஷம் பேஸ் நல்லா வந்திருக்கு,” என்று டீச்சர் எல்லோர் முன்பும் சொன்னார். டீமேக்கர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வெளியே குளிர்மழை பெய்துகொண்டிருந்தது. எதிரே நின்ற நர்ஸம்மா கண்களைப் பாட்டுப் புத்தகத்தில் பதித்திருந்தார். நிமிர்ந்து பார்த்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

நவம்பரில் ஒருநாள் டீமேக்கரின் மனைவி எனக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் அவரோடு நான் அதிகம் பேசியதில்லை.

“மாஸ்டர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இவரு ராத்திரியில தலகாணிய அடுக்கி வச்சிட்டுச் சாஞ்சே தூங்குறாரு. கேட்டா வாயுங்கிறாரு. அங்க எப்படி இருக்காரு? பாடும்போது மூச்சு கீச்சு வாங்குதா? நீங்க பக்கத்துல நிக்கிறவரு, அதான் கேக்கிறேன்.”

அவர் சரியான ஆளிடம்தான் கேட்டார். உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“நல்லா பாடுறாருங்கம்மா,” என்றேன். “டீச்சர்கூட போன வாரம் மெச்சினாங்க.”

“அப்படியா? அப்ப சரி மாஸ்டர். நான்தான் சும்மா பயந்துகிட்டு கெடக்கிறேன்.”

கரோல் ஆராதனைக்கு இன்னும் சில வாரமே இருந்தது. அது முடியட்டும், முடிந்ததும் நானே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததும் மனதுக்கு லேசாக இருந்தது.

கரோல் அன்று அவர் மனைவியும் வந்திருந்தார். புதுச்சேலை உடுத்தி முன்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஆலயம் நிறைந்திருந்தது. எல்லாம் ஒழுங்காகவே போனது. கடைசிப் பாட்டின் கடைசிச் சுரம் மிக நீளமானது. டீச்சர் கையை மடக்கும்வரை பிடிக்க வேண்டும். அந்தச் சுரத்தில் ஏறியதும் டீமேக்கர் என் முழங்கையைத் தொட்டார். தொட்ட கை எடுபடவில்லை. இறுக்கிப் பிடித்தது. பிறகு கைமேல் பாரம் விழுந்தது.

அது எங்கள் ஏற்பாட்டுத் தொடுகை அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். குழம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நிற்பவர் நின்றுபோனால் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. அதோடு டீச்சரின் கை இன்னும் உயரத்தில் இருந்தது. அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. அவரைக் கையில் தாங்கியபடியே, இருவருக்குமான சத்தத்தை ஒருவனாகப் பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை. டீச்சர் கையை மடக்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். டீமேக்கர் பின்னால் இருந்த வாங்கில் சரிந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். கீழே சனங்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். அறுபடாத சத்தத்தைக் கேட்டவர்கள், எல்லாம் சரியாக முடிந்தது என்று நினைத்தார்கள். அவர் மனைவியும் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார்.

நர்ஸம்மாதான் ஓடி வந்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். யாருடைய வேனிலோ ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயம் தளர்ந்து நெஞ்சில் நீர் கோத்திருப்பதாக டாக்டர் சொன்னார். பிழைத்துக்கொள்வார், ஆனால் முன்போல் ஆக மாட்டார் என்றார். இது இன்றைக்கு வந்ததல்ல, மாதக்கணக்காக மூச்சு வாங்கியிருக்குமே, அப்போதே வந்திருந்தால் இவ்வளவு கெட்டுப்போயிருக்காதே என்று கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டீமேக்கரின் மனைவி என் பக்கம் திரும்பினார். “பக்கத்துலயே நின்னீங்களே மாஸ்டர். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?”

“தெரியலைங்கம்மா,” என்றேன்.

அவர் நம்பினார். என் கையைப் பிடித்து, “நீங்களும் போய்ச் சாப்பிடுங்க, மொகமே வாடிப்போச்சு,” என்றார்.

ஜனவரியில் பயிற்சி தொடங்கியது. நான் தனியாக நின்றேன். முதல் பாட்டிலேயே டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். திரும்பவும் பாடவைத்தார். திரும்பவும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாஸ்டர், நீங்கள் இவ்வளவு காலமும் அவரைப் பிடிச்சுக்கொண்டுதான் பாடினனீங்களோ?”

“ஓம் டீச்சர்,” என்றேன், அவருடைய பேச்சிலேயே. யாரும் சிரிக்கவில்லை. இப்படி வெளிப்பட்டுவிடுமோ என்றுதான் இத்தனை நாளும் பயந்திருந்தேன். நடந்து முடிந்த பிறகு அது ஒன்றுமே இல்லை. இந்த ஒன்றுமில்லாததைக் காப்பாற்றத்தான் பெரஹராவிலிருந்து கிறிஸ்மஸ்வரை ஒரு மனிதரை மூச்சுத் திணறவிட்டேன்.

அடுத்த வாரம் ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பாதியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. வீடு வீதியோரத்தில். அந்த அம்மா குசினி வாசலில் சின்னக் கதிரையில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாஸ்டர், இப்பதான் முழிச்சாரு. உள்ள போங்க.”

“ஒங்ககிட்டத்தான் பேச வந்தேன்,” என்று நின்றபடியே சொன்னேன். “அவருக்கு மூச்சு வாங்குனது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்.”

கத்தி நின்றது. “எப்ப இருந்து தெரியும்?”

“பெரஹரா நேரத்துல இருந்து.”

“நான் போன்ல கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“நல்லா பாடுறாருன்னீங்க.”

“ஆமாங்கம்மா.”

“எதுக்கு மாஸ்டர்?”

அவர்தான் சொல்லவேண்டாம் என்றார் என்ற பதிலைப் பஸ்ஸில் வரும்போதே தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “அவரு இல்லாட்டி எனக்குப் பாட வராதுங்கம்மா. அதான்.”

அவர் நறுக்கிய போஞ்சியை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

“பாட்டுக்கா?” என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. தலையைக் குனிந்து மீதிப் போஞ்சியை நறுக்கினார். நான் உள்ளே போனேன். டீமேக்கர் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பெரிய நெஞ்சு வற்றிப் போயிருந்தது.

“வாங்க தூணு,” என்றார். “பேஸ் எப்படிப் போகுது?”

“டீச்சருக்குத் தெரிஞ்சிருச்சி. எனக்குச் சுரம் நிக்காதுன்னு.”

“எனக்கு மொத நாளே தெரியுமே.” அவர் சிரிக்கப் போய் இருமினார். பிறகு வாசல் பக்கம் கண்ணைக் காட்டி, “சொல்லிட்டீங்களா?” என்றார்.

“சொல்லிட்டேன்.”

“போச்சு. இனி ரெண்டு பேருக்கும் திட்டு.”

தேத்தண்ணி வந்தது. ஒரு கோப்பைதான், அவருக்கு மட்டும். மலைநாட்டில் வீடு தேடி வந்த ஒருவருக்குத் தேத்தண்ணி தராமல் அனுப்பிய வீட்டை அதற்கு முன் நான் கண்டதில்லை. அது நியாயம் என்று நினைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்பினேன்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது நடந்தது. த்ரீவீலர் ஒன்று மண்டபத்தின் பின்பக்கத்து மேட்டுப்பாதையால் சுற்றி வந்து நின்றது. டீமேக்கரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். உட்கார்ந்தபடி மெதுவாகப் பாடினால் நல்லதுதான் என்று டாக்டரே சொன்னாராம். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பேஸ் வரிசைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, கணவரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். முதுகு வேகமாக ஏறி இறங்கினால் ஒரு தட்டு. தட்டியதும் அவர் வாயை மூட வேண்டும்.

அவர் மூடினார். அந்த இடத்தில் நான் சத்தத்தைக் கூட்டப் போனேன். என் முதுகிலும் ஒரு தட்டு விழுந்தது.

“நீங்க மூடி மறைக்காதீங்க மாஸ்டர். கேக்கட்டும்.”

டீச்சர் எங்களுக்காக நீண்ட சுரங்களைக் குறைத்தார். அப்படியும் பாட்டு அங்கங்கே அறுந்தது. அறுந்தது எல்லோருக்கும் கேட்டது. நர்ஸம்மா ஒவ்வொரு பாட்டு முடிவிலும் வந்து டீமேக்கரின் கணுக்காலை அமுக்கி வீக்கம் பார்த்துவிட்டுப் போவார். “லொறிக்கு டயர் பாக்கிறீங்களா?” என்பார் அவர். “ரிவர்ஸ்ல போகாம இருந்தாச் சரி,” என்பார் நர்ஸம்மா. அவர் முகம் சனிக்கிழமைகளில் தெளிந்திருந்ததை அவர் மனைவியே ஒத்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டை முந்தின ஆகஸ்டிலேயே செய்திருக்கலாம். ஒரு கதிரையும் ஒரு கையும்தான் தேவைப்பட்டன.

அடுத்த மாரியில் ஒரு விடியலில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்தில் நாங்கள் பாடினோம். எனக்குச் சுரம் நிற்கவில்லை. டீச்சரே என் பக்கத்தில் வந்து நின்று பேஸைப் பாடித் தந்தார். கல்லறையிலிருந்து திரும்பியபோது அந்த அம்மா எனக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

இன்றும் சனிக்கிழமைகளில் அந்தப் படிகளில் ஏறுகிறேன். அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் மேலே போய் நின்றால் முதுகு நிமிர்கிறது. புதிதாகச் சேர்ந்த பேங்க் பென்ஷன்காரர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். நல்ல மூச்சுக்காரர். நான் தடுமாறுகிற இடத்தில் சத்தத்தைக் கூட்ட வருகிறார். வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடிக்கும். டீமேக்கரின் மனைவி. ஒவ்வொரு சனியும் கேட்கிறார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

“படியில நின்னீங்களா மாஸ்டர்?”

போன வாரம்வரை இல்லை என்று சொல்லிவந்தேன். அது உண்மையாகவும் இருந்தது. இந்த வாரம் பாதிப்படியில் குளம் தெரிகிற இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிடுகிறவன்போல் நின்றேன்.

“நின்னேங்கம்மா,” என்றேன்.

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

அந்தப் பக்கம் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, “திங்கக்கெழம கிளினிக் இருக்கு. வெள்ளனப் போயி நம்பர் எடுங்க. நானும் பஸ்ஸுல வந்துர்றேன்,” என்றார்.

“நீங்க எதுக்குங்கம்மா அவ்வளவு தூரம்?”

“டாக்டர் கேட்டா நீங்க நல்லா பாடுறேன்னு சொல்லிட்டு வந்துருவீங்க,” என்று சொல்லிப் போனை வைத்தார்.